காக்கை வன்னியனும் கேணல் ஒல்ரிக்கும்

ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒருவனைத் திட்டுவதற்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் மிகப் பாரமானது 'காக்கை வன்னியன்'. களவெடுத்தவனையோ, குடித்துவிட்டுச் சந்தியில் நின்று சத்தம் போடுபவனையோ யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கூட இருந்து, ஒரே பானையில் சாப்பிட்டு, பிறகு ஆளைப் பிடித்துக் கொடுத்தவனுக்கு மட்டுமே அந்தப் பெயர். "அவன் காக்கை வன்னியன்ரை வேலை பாத்துப்போட்டான்" என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த வீட்டுக்குச் சம்பந்தம் பேச எவரும் போகமாட்டார்கள்.

இந்தப் பெயரில் ஒரு விசித்திரம் இருக்கிறது. காக்கை வன்னியன் எங்கள் கதைகளில் இரண்டு தடவை வருகிறான். முதல் தடவை சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் பிடித்துக் கொடுக்கிறான். ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை வழியாக எங்களுக்கு வந்த கதை அது. யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். இரண்டாவது தடவை, பண்டாரவன்னியனை வெள்ளைக்காரனிடம் பிடித்துக் கொடுக்கிறான். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மேடையேறிய பண்டாரவன்னியன் நாடகங்களில் அவன் இல்லாமல் கதை நகராது. பண்டாரவன்னியன் கச்சிலைமடுவில் தோற்றது 1803இல். இரண்டுக்கும் இடையில் 184 வருடங்கள். ஆள் ஒருவனாக இருக்க முடியாது. ஆனால் பெயர் ஒன்று, தொழில் ஒன்று, கதையில் அவன் வந்து நிற்கும் இடமும் ஒன்று.

முதலாவது காக்கை வன்னியன் எங்கள் பக்கத்தவன் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பெருமைப்படக்கூடிய சொந்தம் அல்ல என்பதால், புங்குடுதீவார் அதை எங்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் சங்கிலியன் நாடகம் போட்டபோது அந்தப் பாத்திரத்துக்கு ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் வகுப்பிலேயே சாதுவான பெடியனைப் பிடித்து நிறுத்தினார்கள். அவன் இன்று கனடாவில் பேரப்பிள்ளை கண்டுவிட்டான். இன்னமும் அவனுக்குப் பெயர் 'காக்கை' தான்.

ஒரே துரோகி ஏன் திரும்பத் திரும்ப வருகிறான் என்ற கேள்விக்கு எனக்குச் சரித்திரப் புத்தகங்களில் விடை கிடைக்கவில்லை. சித்திரக்கதைப் புத்தகங்களில்தான் கிடைத்தது.

எங்கள் தலைமுறைக்குச் சித்திரக்கதை புதிதல்ல. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. இவையெல்லாம் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து, பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் தொங்கி, பிறகு ஒரு புத்தகம் ஐம்பது கை மாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் தொலைந்த நிலையில் தீவுப்பகுதிக்கு வந்து சேரும். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகத்தில் வில்லன் பிடிபட்டானா தப்பினானா என்பதை நாங்களே தீர்மானித்துக் கொள்வோம். 1990இல் நாங்கள் எழும்பி ஓடியபோது அந்தப் புத்தகங்கள் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தன. ரின்னும் இல்லை, வீடும் இல்லை.

பிறகு பிரான்ஸ். பாரிசுக்கு வெளியே ஒரு நகரசபை நூலகத்தில் பிரெஞ்சு படிக்க முயன்ற காலத்தில், அகராதியை விடச் சித்திரக்கதை சுலபம் என்று கண்டுகொண்டேன். கோட்டும் ரையும் கட்டிய மனிதர்கள் வெட்கப்படாமல் சித்திரக்கதை வாசிக்கும் நாடு அது. அங்கேதான் பிளேக் – மோர்ட்டிமர் தொடரும், அதன் நிரந்தர வில்லன் கேணல் ஒல்ரிக்கும் எனக்கு அறிமுகமானார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்கார் பி. ஜேக்கப்ஸ் என்ற பெல்ஜியக்காரர் எழுதி வரைந்த தொடர் இது. 1946 செப்டெம்பர் 26ஆம் திகதி 'டின்டின்' வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே தொடங்கியது. கப்டன் பிரான்சிஸ் பிளேக் பிரித்தானியப் புலனாய்வு அதிகாரி. பேராசிரியர் பிலிப் மோர்ட்டிமர் தாடி வைத்த ஸ்கொட்லாந்து விஞ்ஞானி. இருவரும் நண்பர்கள். எதிரி ஒல்ரிக். மெல்லிய மீசை, கையில் நீண்ட சிகரெட் குழல், குற்றம் சொல்ல முடியாத உடுப்பு. எந்த நாட்டவன் என்று தெளிவாகத் தெரியாது. அதுதான் அவனுடைய முதல் அடையாளம்: அவனுக்கு ஊர் இல்லை.

முதல் கதையான 'வாள்மீனின் இரகசிய'த்தில், லாசாவில் இருந்து உலகத்தையே பிடிக்கக் கிளம்பும் ஒரு கற்பனைச் சக்கரவர்த்தியின் வலது கையாக ஒல்ரிக் இருக்கிறான். அந்தச் சாம்ராச்சியம் அழிகிறது. அத்தோடு அவனும் முடிந்தான் என்றுதான் வாசிப்பவன் நினைப்பான். அடுத்த கதையில் கெய்ரோவில் புராதனப் பொருட்களைக் கடத்தும் கும்பலின் தலைவனாக வந்து நிற்கிறான். பிறகு இலண்டனில். பிறகு பிரான்சின் காலநிலையையே குழப்பும் ஒரு வெளிநாட்டுச் சதியில். இன்னொரு கதையில் பாரிசில் ஒரு பழைய இராணியின் கழுத்து நகையைத் திருடுகிறான். உலகப்போரை நடத்தியவன் நகைக் கள்ளனாக இறங்கி வருவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரிலும் சில பெரிய மனிதர்கள் இப்படி இறங்கி வந்ததைக் கண்டிருக்கிறேன்.

இவன் ஏன் சாவதில்லை? பதில் மிகவும் சாதாரணமானது. வாரப் பத்திரிகைத் தொடர் வாரத்துக்கு ஒன்று இரண்டு பக்கங்கள்தான் வரும். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் ஓர் ஆபத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த இதழை யார் வாங்குவார்? புதிய வில்லன் வந்தால் அவன் யார், எவ்வளவு கெட்டவன் என்று விளங்கப்படுத்தவே பத்து வாரம் போய்விடும். பழைய வில்லன் என்றால் மீசையின் நுனியைக் காட்டினால் போதும். வாசகனுக்கு முதுகு சில்லிடும். அதைவிட முக்கியமான இன்னொரு வசதியும் உண்டு. கதாநாயகர்கள் தோற்கும் ஒவ்வொரு இடத்திலும், அவர்களுடைய மோட்டுத்தனத்தால் தோற்றார்கள் என்று எழுதத் தேவையில்லை. ஒல்ரிக் சதி செய்தான் என்று எழுதினால் முடிந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குக் காக்கை வன்னியன் ஞாபகத்துக்கு வந்தான்.

1619ஐ எடுத்துக்கொள்வோம். வைபவமாலை இரண்டு சங்கிலிகளை ஒன்றாக்கிவிட்டது. 1540களில் போர்த்துக்கேயருடன் மோதியவன் முதலாம் சங்கிலி. 1617இல் அரச குடும்பத்துக்குள் இரத்தம் சிந்தி ஆட்சியைப் பிடித்தவன் இரண்டாம் சங்கிலி. 1591இலேயே போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக்குப் படையெடுத்து அரசனைக் கொன்று, தங்களுக்கு வேண்டிய எதிர்மன்னசிங்கனை இருத்திவிட்டார்கள். அதாவது சங்கிலி சிம்மாசனம் ஏறியபோது அந்த அரசு 26 வருடங்களாக அவர்களின் நிழலில்தான் நின்றது. 1618இல் நாட்டுக்குள்ளேயே சங்கிலிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தது. அவன் தஞ்சாவூர் நாயக்கரிடம் படை கேட்டான். மலபார்க் கடலோடிகளுக்கு நெடுந்தீவில் தளம் கொடுத்தான். இன்று குறிகட்டுவானில் இருந்து படகேறிப் போய்க் குதிரையும் கல்வேலியும் பார்த்து வருகிறோமே, அந்த நெடுந்தீவு அப்போது பாக்கு நீரிணைக் கப்பல் பாதையின் தொண்டைக்குழியில் வைத்த கத்தி. போர்த்துக்கேயருக்கு அது பொறுக்கவில்லை. 1619 யூனில் கடல் வழியே வந்த அவர்களின் கப்பற்படையை அந்தக் கடலோடிகள் திருப்பி அடித்தார்கள். தரை வழியே பிலிப் டி ஒலிவேரா ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட படையோடு வந்தான். சங்கிலி பிடிபட்டான், கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மரண தண்டனை பெற்றான்.

இதில் எத்தனை காரணங்கள் இருக்கின்றன பாருங்கள். அரண்மனைக்குள் நடந்த கொலைகள், மக்களில் ஒரு பகுதியின் வெறுப்பு, கடல் வணிகம், பீரங்கி, தஞ்சாவூரின் கணக்கு. இவ்வளவையும் ஒரு திருவிழா இரவில் மேடையேற்ற முடியாது. ஒரு காக்கை வன்னியன் போதும். சனமும் அழும், கூவும், வீட்டுக்குப் போகும்போது ஒரு முடிவோடு போகும்: நாங்கள் தோற்கவில்லை, எங்களை ஒருத்தன் காட்டிக் கொடுத்துவிட்டான்.

1803உம் அப்படித்தான். அந்த ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது பெரிய காரியம். ஆனால் பிரித்தானியர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். ஒக்ரோபர் 31ஆம் திகதி கச்சிலைமடுவில் கதை முடிந்தது. அங்கே நாட்டப்பட்ட கல்லில் இரண்டு பெயர்கள்தான் பொறிக்கப்பட்டிருந்தன: தோற்கடித்த கப்டன் வொன் ட்றிபேர்க், தோற்ற பண்டாரவன்னியன். மூன்றாவது பெயரைச் சேர்த்தது நாடகம்.

தமிழ்நாட்டிலும் இதே கூத்து நடந்தது. காட்டிக் கொடுப்பவனுக்கு அங்கே பெயர் எட்டப்பன். எட்டயபுரம் கும்பினியார் பக்கம் நின்றது உண்மை. ஆனால் தப்பி ஓடிய கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1799 ஒக்ரோபர் 16ஆம் திகதி கயத்தாறில் தூக்கு. தொண்டைமானின் பெயர் வசைச்சொல்லாக நிலைக்கவில்லை. எட்டப்பன் பெயர் நிலைத்துவிட்டது. 1959இல் வந்த கட்டபொம்மன் படமும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. யாழ்ப்பாணத்தில் அந்தப் படத்தின் வசனத்தை மனப்பாடம் செய்யாத பெடியன் இருந்தானா? துரோகியின் பெயரைக் கதை சொல்பவன் தெரிவு செய்கிறான். குற்றத்தின் அளவைப் பார்த்து அல்ல, கதைக்கு எது பொருந்துகிறது என்பதைப் பார்த்து.

ஒல்ரிக்கிடம் திரும்புவோம். அவன் பிறந்த சூழலைத் தேடி வாசித்தபோது எனக்குத் தெரியவந்தவை சித்திரக்கதையை விட ருசியானவை. 1944 செப்டெம்பரில் பெல்ஜியம் ஜேர்மனியரிடம் இருந்து விடுபட்டது. உடனேயே 'யார் அவங்களோடை நிண்டது' என்ற விசாரணை தொடங்கியது. டின்டினைப் படைத்த ஏர்ஜேயே, ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜேர்மனியரின் கட்டுப்பாட்டில் வந்த 'லு சுவார்' பத்திரிகையில் வரைந்தார் என்பதற்காகத் திரும்பத் திரும்பப் பிடிபட்டு விசாரிக்கப்பட்டார். பத்திரிகைகளில் வேலை செய்ய முடியாமல் இரண்டு வருடம் இருந்தார். அவரை வெளியே கொண்டு வந்து 'டின்டின்' வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர் ரேமோன் லெப்லாங். அவர் ஜேர்மனியருக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் இருந்தவர். எதிர்ப் பக்கத்தில் நின்றவன் என்று சொல்லப்பட்ட ஒருவரை, எதிர்த்து நின்ற இயக்கத்துக்காரரே கைகொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறார். எங்கள் அனுபவத்தில் இப்படி ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் இருக்கிறது. பேராசிரியர் மோர்ட்டிமரின் முகத்தை ஜேக்கப்ஸ் தன் நண்பர் ஜாக் வன் மெல்கபேக்கைப் பார்த்துத்தான் வரைந்தார். இந்த நண்பர்தான் அந்தப் பத்திரிகையின் முதல் ஆசிரியர். ஆக்கிரமிப்புக் காலப் பத்திரிகை எழுத்துக்காகத் தண்டனை பெற்று, ஆசிரியர் பதவியை விட்டு, பெயரை மறைத்து வேலை செய்ய வேண்டி வந்தவர். சரி, துரோகி ஒல்ரிக்கின் முகம் யாருடையது? ஜேக்கப்ஸ் தன் சொந்த முகத்தை வைத்துத்தான் அவனை வரைந்தார். ஊரால் துரோகி என்று சொல்லப்பட்டவரின் முகம் கதாநாயகனுக்கு, வரைந்தவரின் முகம் துரோகிக்கு. வாரம் வாரம் வாசித்த பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது.

ஜேக்கப்ஸை நான் தெய்வமாக்கவில்லை. முதல் கதையில் ஆசியாவில் இருந்து வரும் 'மஞ்சள்' எதிரி, எண்ணிக்கையில் பெருகிய, முகமில்லாத கொடுமைக்காரக் கூட்டம். வெள்ளைக்காரப் பயத்தின் படம் அது. ஆசியாக்காரனாக அதை வாசிப்பது வயிற்றைப் பிசைந்தது. அந்தப் புத்தகத்தை இரண்டாம் முறை நான் எடுக்கவில்லை.

ஆனால் 1953இல் தொடங்கி வந்த 'மஞ்சள் எம்' வேறு வகை. இலண்டனில் ஒரு முகமூடி மனிதன் அரச கிரீடத்தையே திருடுகிறான். பெரிய மனிதர்களை ஒவ்வொருவராகக் கடத்துகிறான். போகும் இடமெல்லாம் வட்டத்துக்குள் ஓர் எழுத்தை எழுதிவிட்டுப் போகிறான். துப்பாக்கிக் குண்டு அவனை ஒன்றும் செய்யாது. ஊரே நடுங்குகிறது. கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒல்ரிக். அட, மறுபடியும் இவன்தானா என்று நாங்கள் பெருமூச்சு விடுகிறோம். அங்கேதான் ஜேக்கப்ஸ் எங்களைப் பிடிக்கிறார். எகிப்தில் நடந்த முந்தைய கதையின் முடிவில் ஒல்ரிக்கின் நினைவு அழிக்கப்பட்டிருந்தது. புத்தி பேதலித்து அலைந்தவனை செப்டிமஸ் என்ற மருத்துவர் கண்டெடுத்து, கருவியால் அவன் மூளையை ஆட்டிவைத்து, தான் சொல்வதைச் செய்யும் பிராணியாக்கி வைத்திருக்கிறார். ஆய்வுகூட எலியைக் கூப்பிடுவது போலத்தான் அவனைக் கூப்பிடுவார். கடத்தப்பட்டவர்கள் வேறு யாருமல்ல, முன்னொரு காலத்தில் செப்டிமஸின் புத்தகத்தைக் கேலி செய்தவர்கள். முகமூடிக்குள் இருப்பவனுக்குத் தான் யார் என்பதே தெரியாது.

அந்தப் பக்கங்களை நூலகத்தில் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். காரணம், முகமூடி போட்ட ஒருவனை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் அவனுக்குப் பெயர் 'தலையாட்டி'. யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சுற்றிவளைப்பு நடக்கும். ஆண்களைக் கோயில் வீதிக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ கூட்டி வருவார்கள். வரிசையாக நடக்க விடுவார்கள். ஜீப்புக்குள் ஒருவன் இருப்பான், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் நீ ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மறு பக்கம். அன்று எங்கள் ஊரில் இரண்டு பேருக்குத் தலை ஆடியது. ஒருவர் பல மாதம் கழித்து வந்தார். மற்றவர் வரவில்லை.

ஜீப் போன பிறகு ஊர் விசாரணை தொடங்கியது. சாக்குக்குள் இருந்தது யார்? முகம் தெரியாது, குரலும் இல்லை. கால் தெரிந்ததாம். இடது கணுக்காலுக்கு மேலே ஒரு தழும்பு இருந்ததாக ஒருவர் சொன்னார். திருக்கை அடித்த தழும்பு. ஒரு கிழமைக்குள் பெயர் முடிவாகிவிட்டது. களங்கட்டித் தொழில் செய்த ஒருவர், மூன்று பிள்ளைகள். அவரைக் கொஞ்ச நாளுக்கு முன்பு பிடித்துக்கொண்டு போய் விட்டிருந்தார்கள் என்பது போதுமான சாட்சியமாக இருந்தது. அந்தக் குடும்பம் ஓர் இரவு வள்ளமேறி அக்கரைக்குப் போய்விட்டது. அவர்களின் வேலிக் கதியால்களை யாரோ பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

தீவுப்பகுதியில் தொழில் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். எங்களுடையது பரவைக்கடல். முழங்கால் தண்ணீரில் கனதூரம் நடக்கலாம். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கப் பழக வேண்டும். பழகுவதற்குள் எல்லோருக்கும் ஒரு அடி விழும். அந்த வரிசையில் இருந்த ஆண்களின் சாரத்தை உயர்த்திப் பார்த்திருந்தால் பாதிப் பேருக்கு அந்தத் தழும்பு இருந்திருக்கும். என் தகப்பனாருக்கும் இருந்தது.

அது அவரேதான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சாக்கைத் தன் விருப்பத்தில் போட்டுக்கொண்டவர் எத்தனை பேர்? தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு, நகம் போய், 'நாளைக்கு உன்ரை மகன்' என்று சொல்லப்பட்ட பிறகு ஜீப்பில் ஏற்றப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஊர் செப்டிமஸைத் தேடவில்லை. அவர் எட்டாத இடத்தில் இருந்தார். எட்டிய இடத்தில் இருந்தது திருக்கைத் தழும்பு.

பெல்ஜியத்திலும் கொதித்த சனம் தெருவில் வைத்து அடித்தது, தலையை மொட்டையடித்தது. ஆனால் பிறகு நீதிமன்றம் வந்தது, கோவை வந்தது, சட்டத்தரணி வந்தார், மேன்முறையீடு வந்தது. 200க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது, அதுவும் சின்ன எண்ணிக்கை அல்ல. ஆயினும் இன்றைக்கு ஒரு பேரன் போய்த் தன் பேரன் முறையானவர் மீது என்ன குற்றம் எழுதப்பட்டது என்று கேட்க ஒரு கடதாசி இருக்கிறது. எங்களிடம் இருந்தது மின்கம்பமும், கழுத்தில் கட்டிய ஒரு மட்டையும். அந்த மட்டையில் எழுதியிருந்த ஒற்றைச் சொல்லுக்கு மேலே வேறு ஒரு கோவையும் இல்லை. 1975 யூலை 27ஆம் திகதி, தீவுப்பகுதிக்குப் போகும் வழியில் இருக்கும் பொன்னாலையில், யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்படுவதற்கு முன்பே மேடைகளில் அந்தச் சொல் அவர்மீது ஒட்டப்பட்டிருந்தது. அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. உடன்பாடில்லை என்பதற்கும் துரோகி என்பதற்கும் இடையில் இருந்த தூரம் அன்றைக்குத்தான் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு எல்லாத் தரப்பும் அந்தச் சொல்லை எடுத்துப் பாவித்தன. இயக்கத்துக்கு இயக்கம், இயக்கத்துக்குள்ளேயே, பிறகு படைகளோடு சேர்ந்து இயங்கிய குழுக்களும்.

தீவுப்பகுதிச் சனத்துக்கு அது தனியாக ஒரு பங்கு கொடுத்தது. 1990 ஓகஸ்டில் படையினர் தீவுகளைப் பிடித்தபோது பெரும்பாலானோர் பண்ணைக்கு அப்பால் இடம்பெயர்ந்தோம். வயதானவர்கள், வள்ளத்தைத் தவிர வேறு சொத்தில்லாதவர்கள் எனச் சிலர் நின்றுவிட்டார்கள், சிலர் பிறகு திரும்பிப் போனார்கள். படையினருக்கு அவர்கள் மறுபக்கத்தின் கண்கள். எங்களுக்கு அவர்கள் 'நேவியோடை நிக்கிற ஆக்கள்'. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பி ஓடியது. அடுத்த வருடம் திரும்பி வந்தவர்களைப் பார்த்து வன்னிக்குப் போனவர்கள் அதே கதையைச் சொன்னார்கள். 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாமால் வந்தவர்களிடம், 'எல்லாரும் செத்தாங்கள், நீ மட்டும் எப்பிடித் தப்பினனீ?' என்று கேட்கப்படுகிறது. கேட்பவர்களில் அரைவாசிப் பேர் எப்போதோ விமானம் ஏறிவிட்டவர்கள். நானும் அந்த விமானக் கூட்டத்தில் ஒருவன்தான், ஆகவே இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

காட்டிக் கொடுத்தவர்களே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தார்கள். காசுக்காகவும், பழிக்காகவும், காணிச் சண்டைக்காகவும் அயலவரின் பெயரைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்களால் போனவர்கள் இன்னமும் திரும்பவில்லை. அவர்களின் தாய்மார் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருக்கிறார்கள். உண்மையாக யார் செய்தது, யார் செய்வித்தது என்று தெரிய வேண்டிய தேவை அந்தத் தாய்மாருக்குத்தான் மற்ற எல்லோரையும் விட அதிகம். காக்கை வன்னியன் என்ற பெயர் அந்த விசாரணைக்கு உதவாது. அது விடையைப் போல ஒலிக்கிறது, அதனால் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது.

ஜேக்கப்ஸ் 1987இல் இறந்தார். 1996இல் வேறு கைகள் தொடரைத் தொடர்ந்தன. முதலாவதாக எழுதியவர் ஜான் வன் ஹாம். தமிழில் 'இரத்தப் படலம்' வாசித்தவர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயம், அதையும் எழுதியவர் அவர்தான். அவர் எடுத்த கதைக்குப் பெயர் 'பிரான்சிஸ் பிளேக் விவகாரம்'. இதில் துரோகி என்று குற்றம் சாட்டப்படுபவன் கதாநாயகன் பிளேக். ஒற்றர்களோடு அவன் நிற்கும் புகைப்படம் பிடிபடுகிறது. அரசாங்கம் தேடுகிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன, பிளேக் ஓடுகிறான். நம்ப மறுப்பது மோர்ட்டிமர் ஒருவர்தான். அவரிடமும் ஆதாரம் இல்லை. இருப்பது நட்பு ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு, தானே போய்த் தேடுகிறார். பிளேக் உண்மையில் ஒற்றர் வலையமைப்புக்குள் நுழைவதற்காக அனுப்பப்பட்டவன் என்பது பிறகு தெரிகிறது. அந்த வலையமைப்பின் தலைவன் யார் என்று கேட்காதீர்கள், மீசையின் நுனி தெரிகிறது.

வாசிக்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. பிரான்ஸ், பெல்ஜியம், சுவிஸ், கனடாவின் கியூபெக் பக்கம் இருப்பவர்கள் எந்த நகரசபை நூலகத்திலும் இந்தப் புத்தகங்களைப் பார்க்கலாம், ஆங்கிலத்திலும் இருக்கின்றன. வரிசைப்படி வாசிக்கத் தேவையில்லை. முதலாவது கதையை விட்டுவிட்டு, எகிப்துக் கதையான 'பெரிய பிரமிட்டின் மர்ம'த்தில் தொடங்குங்கள், இரண்டு பாகம். அது முடிந்த கையோடு 'மஞ்சள் எம்'. எழுத்து அதிகம், படத்தில் தெரிவதையே மேலே பெட்டி கட்டி மறுபடி எழுதும் கெட்ட பழக்கம் ஜேக்கப்ஸுக்கு உண்டு. பிள்ளைகள் அந்தப் பெட்டிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள், போகட்டும். முகமூடி கழன்ற பிறகு செப்டிமஸ் தன் கதையைச் சொல்லும் பக்கங்களை மட்டும் பக்கத்தில் இருந்து சேர்ந்து வாசியுங்கள். என் மகள் அந்த இடத்தில், 'அப்ப ஒல்ரிக் கெட்டவனா இல்லையா?' என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கெட்டவன்தான், ஆனால் இந்தக் குற்றத்தைச் செய்வித்தது அவன் இல்லை என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் முதலில் இருந்து திரும்ப வாசித்தாள்.